ஹைட்ராஞ்சியா: பழைய கிளையில் பூக்கும் செடி

நீலகிரியில் நான் ஆறு ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே குடியிருந்த வாடகை வீட்டின் வாசற்படியை ஒட்டி ஒரு ஹைட்ராஞ்சியாப் புதர் நின்றது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சென்று வந்தவர்கள் இச்செடியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கையகல இலை, ஓரமெல்லாம் பல். ஒவ்வொரு கிளை நுனியிலும் தேங்காயளவில் உருண்டு திரண்ட பூங்கொத்து. மலையின் பழைய பங்களாக்களிலும் தேவாலய வாசல்களிலும் வேலியோரங்களிலும் கோடை தொடங்கி மழைக்காலம் வரை நீலமாக மண்டிக் கிடக்கும். என் வீட்டின் இடப்புறமும் வலப்புறமும் அவ்வாறே பூத்தது. என் வாசலில் மட்டும் மூன்று ஆண்டுகள் ஒரு பூ இல்லை. இலை, இலை, மேலும் இலை.

செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் தண்ணீர். 'ஹைட்ராஞ்சியா' என்பது நீர், கலம் என்ற பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. தமிழாசிரியனுக்குச் சொற்பிறப்பின் மேல் உள்ள நம்பிக்கை அளவற்றது. நீர் வேண்டும் செடி என்று பெயரே சொல்கிறதே என்று எண்ணிக் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். பிற்பாடுதான் படித்தேன்: அப்பெயருக்கும் செடியின் தாகத்துக்கும் தொடர்பில்லை, அதன் விதைக்கூடு பழங்காலத்து நீர்ச்சாடியின் வடிவில் இருக்கிறது என்பதற்காக இட்ட பெயர் அது. அடுத்த ஆண்டு யூரியா. இலைகள் கரும்பச்சையாகி, முறம் போல விரிந்தன. இவற்றோடு ஒவ்வொரு தை மாதமும் கவாத்து. தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடித்துக் கை பழகிய ஒருவரை அழைத்து வருவேன். அவர் புதரை முழங்கால் உயரத்துக்கு மேசை மட்டமாகச் சீவிவிட்டுப் போவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பூக்காத செடி என்றதும் நம் மனம் குறிஞ்சிக்குப் போகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் அம்மலைகளில் பூத்ததை நண்பர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் குறிஞ்சியை யாரும் அடம்பிடிக்கும் செடி என்று சொல்வதில்லை. அதன் கணக்கு நமக்குத் தெரியும், காத்திருக்கிறோம். ஹைட்ராஞ்சியாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது ஓராண்டுக் கணக்குத்தான். அதை அறியாமல்தான் உலகம் முழுவதும் வீட்டுத் தோட்டக்காரர்கள் அதைப் பிடிவாதக்காரி என்று நொந்துகொள்கிறார்கள். நானும் நொந்துகொண்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். அதாவது புத்தகங்களைத் தேடினேன். செடி பூப்பதற்கான வழி அவற்றில் உடனே கிடைக்கவில்லை. வேறொரு கதை கிடைத்தது.

*

ஐரோப்பியர் இச்செடிக்குப் பெயரிட்ட வரலாறு, வெட்டப்பட்ட துண்டுகளை வைத்துக்கொண்டு முழுச்செடியை ஊகித்தவர்களின் வரலாறு. ஹைட்ராஞ்சியா என்ற பேரினப் பெயரே அப்படிப் பிறந்ததுதான். வட அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஜான் கிளேட்டன் என்பவர் உலர்த்தி அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, ஹாலந்தின் லெய்டன் நகரத்தில் இருந்த கிரோனோவியஸ் அப்பெயரை உருவாக்கினார். 1753இல் லின்னேயஸ் அதைத் தம் நூலில் ஏற்று நிலைநிறுத்தினார். அது வெள்ளைப் பூப் பூக்கும் அமெரிக்க இனம். இன்று நம் மலைகளில் நீலமாகப் பூப்பது வேறு. அது ஜப்பானுக்கு உரியது. ஜப்பானியர் அதை 'அஜிசாய்' என்பர்.

லின்னேயஸின் மாணவர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1775இல் ஜப்பான் சென்றார். அக்காலத்து ஜப்பான் அயலாருக்குக் கதவடைத்திருந்த நாடு. ஐரோப்பியரில் டச்சுக்காரருக்கு மட்டும் இடமுண்டு. அவர்களுக்கும் நாகசாகித் துறைமுகத்தில் மண்கொட்டி எழுப்பிய தெஜிமா என்ற விசிறி வடிவச் சிறு தீவே எல்லை. ஸ்வீடன் நாட்டவரான துன்பெர்க் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக அங்கே நுழைந்தார். தாவரவியலாளர் ஒருவருக்கு இதைவிடக் கொடிய சிறை இருக்க முடியாது. கண்ணெதிரே மலை, மலை நிறையச் செடிகள், பாலத்தைத் தாண்ட அனுமதியில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தீவிலிருந்த கால்நடைகளுக்குத் தீவனமாக வெளியிலிருந்து அறுத்து வந்த தழைக்கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஆடுமாடுகள் வாய் வைப்பதற்குள் அரிய செடிகளைப் பொறுக்கி எடுத்து உலர்த்தினார். ஒரு நாட்டின் தாவரவளத்தை மாட்டுத் தீவனத்தில் தேடிய அந்த அறிஞர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. 1776இல் டச்சுக்காரர்கள் மரியாதை செலுத்த எடோ நகருக்குச் சென்ற பயணத்தில் அவரும் போனார். ஹகோனே மலைப்பாதையில் பல்லக்கை விட்டிறங்கி நடந்து செடிகளைச் சேகரித்தார்.

1784இல் வெளிவந்த தம் ஜப்பானியத் தாவர நூலில் அவர் அஜிசாயைச் சேர்த்தார். ஆனால் 'வைபர்னம்' என்ற வேறொரு குடும்பத்துச் செடியாக. பிழைக்குக் காரணம் உண்டு. ஹைட்ராஞ்சியாவில் நம் கண்ணைப் பறிப்பவை அல்லி இதழ்கள் அல்ல. நிறமேறிப் பெருத்த புல்லி இதழ்கள். அவற்றில் பெரும்பாலானவை மலட்டுப் பூக்கள். காட்டுச் செடியில் நடுவே கடுகு போன்ற உண்மைப் பூக்கள் குவிந்திருக்க, ஓரத்தில் மட்டும் இம்மலட்டுப் பூக்கள் வரிசை கட்டும். பூச்சிகளை அழைக்கும் கொடி அவை. வைபர்னத்திலும் இதே ஏற்பாடு உண்டு. உலர்ந்த துண்டை வைத்துக்கொண்டு பார்த்தவர் ஏமாந்ததில் வியப்பில்லை. 1830இல் செரிஞ்ஜ் என்பவர்தான் செடியை ஹைட்ராஞ்சியாவுக்கு மாற்றினார். பிழை திருந்த 46 ஆண்டுகள்.

பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் இன்னும் விந்தையானது. அவர்கள் இன்றும் இதை 'ஹோர்டென்சியா' என்றே அழைக்கிறார்கள். பூகன்வில்லின் உலகப் பயணத்தில் சென்று மொரீஷியஸ் தீவில் இறங்கிக்கொண்ட தாவரவியலாளர் பிலிபேர் கொமெர்சோன் கொடுத்த பெயர் அது. அவர் 1773இல் அத்தீவிலேயே இறந்தார். அவருடைய சேகரிப்பு பாரிஸ் சென்று, 1789இல் லமார்க்கின் எழுத்தில் அச்சேறியது. யார் அந்த ஹோர்டென்ஸ்? நெப்போலியனின் வளர்ப்பு மகள் என்று பல நூல்களில் காணலாம். அவர் பிறந்ததே 1783இல். கொமெர்சோன் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின். கணித அறிஞரான நிகோல்-ரெய்ன் லெபோத் என்ற பெண்மணியின் பெயரை ஏற்றுவோரும் உண்டு. தோட்டம் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லே மூலம் என்பாரும் உண்டு. இந்த ஆராய்ச்சிகளில் வழக்கமாக விடுபட்டுப்போகும் பெண் ஒருவர் இருக்கிறார். கொமெர்சோனுடன் ஆண் வேடமிட்டுக் கப்பலேறி, செடி சுமந்து, உலகைச் சுற்றிவந்த முதற் பெண் என்று இன்று போற்றப்படும் ஜான் பாரே. அவர் பெயர் இச்செடிக்கு வாய்க்கவில்லை.

உயிரோடு ஒரு செடி 1789இல் சர் ஜோசப் பேங்க்ஸின் முயற்சியால் சீனாவிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அது தோட்டங்களில் நெடுங்காலம் வளர்த்தெடுத்த உருண்டைப் பூவகை. ஏறக்குறைய முழுதும் மலட்டுப் பூக்கள்; ஆகவே விதையைவிடக் குச்சியே அதற்கு வழி. வெட்டி நட்டு, அதிலிருந்து வெட்டி நட்டு, அப்படியே பரவியது.

*

இவர்கள் அனைவரிலும் சீபோல்டின் கதையே என்னை நெடுநாள் அலைக்கழித்தது. பிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட் ஜெர்மானியர். டச்சு மருத்துவராக 1823இல் தெஜிமாவுக்கு வந்தார். கண்புரை அறுவையில் வல்லவர். விரைவிலேயே நாகசாகிக்கு வெளியே நருதகி என்ற இடத்தில் பள்ளி நடத்த அனுமதி பெற்றார். நாடெங்கிலுமிருந்து ஜப்பானிய இளைஞர்கள் வந்து அவரிடம் மருத்துவம் பயின்றனர்.

தெஜிமாவுக்குள் நுழைய ஜப்பானியப் பெண்களில் கணிகையருக்கு மட்டுமே அனுமதி இருந்தது. அப்படி வந்தவர் குசுமோதோ தாகி. வயது பதினாறு. இருவரும் சேர்ந்து வாழ்ந்தனர்; 1827இல் பெண் குழந்தை பிறந்தது. இனே என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டே இடி விழுந்தது. நாடு கடத்துவதற்குத் தடை செய்யப்பட்ட ஜப்பானிய நிலப்படங்கள் சீபோல்டிடம் இருந்தது வெளிப்பட்டது. அவற்றைக் கொடுத்த அரசவை வானியலாளர் தகஹாஷி ககெயாசு சிறையிலேயே இறந்தார். நீண்ட விசாரணைக்குப் பின் 1829 இறுதியில் சீபோல்ட் நாடு கடத்தப்பட்டார். திரும்பி வரத் தடை. தாகியும் இரண்டு வயது இனேயும் கரையில் நின்றனர். தாய், மகள் இருவர் உருவங்களும் சிப்பி பதித்து வரைந்த அரக்குப் பெட்டி ஒன்று அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது; அது இன்றும் இருக்கிறது.

ஐரோப்பா திரும்பிய சீபோல்ட், சுக்கரினி என்ற தாவரவியலாளருடன் சேர்ந்து 1835 முதல் ஜப்பானியத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் உருண்டைப் பூவுடைய நீல அஜிசாய்க்கு அவர் சூட்டிய பெயர் 'ஹைட்ராஞ்சியா ஓதக்ஸா'. ஜப்பானில் வழங்கும் பெயர் என்று குறிப்பும் எழுதினார். பிற்காலத்தில் ஜப்பானியத் தாவரவியலின் தந்தை எனப்படும் மகினோ தொமிதாரோ அப்பெயரைத் தேடினார். அப்படியொரு செடிப்பெயரை ஜப்பானில் எவரும் அறியவில்லை. மெல்ல விளங்கியது: ஓ-தாகி-சான். தாகி அம்மையார். மரியாதையோடும் அன்போடும் ஜப்பானியர் ஒரு பெண்ணை விளிக்கும் முறை அது. அயல்நாட்டார் நாவில் நசுங்கி ஓதக்ஸா ஆயிற்று.

மகினோவுக்குக் கோபம். புனிதமான அறிவியலில் ஒருவர் தம் கணிகையின் பெயரை ஒளித்து வைத்துவிட்டார் என்று கடிந்தார். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை. புரவலர்கள், அமைச்சர்கள், கம்பெனி இயக்குநர்கள் பெயரெல்லாம் செடிகளின் தலையில் ஏறியிருக்கையில் தாகிக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? ஆனால் விதி வேறு முடிவு செய்தது. துன்பெர்க் விவரித்ததும் சீபோல்ட் விவரித்ததும் ஒரே இனம் என்று முடிவாயிற்று. முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் சட்டம். ஓதக்ஸா இனப்பெயர் நிலையிலிருந்து கீழிறங்கியது. ஒரு தோட்ட வகையின் பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. நாகசாகி நகரத்தின் மலர் இன்று அஜிசாய்.

*

இத்தனையும் படித்துவிட்டேன், வாசலில் செடி பூக்கவில்லை. நான்காம் ஆண்டு தை மாதம் கவாத்துக்காரர் பாதிப் புதரை வெட்டியிருந்தபோது, எதிர்வீட்டு அம்மா வேலியருகே வந்து நின்றார். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

"சார், வருசா வருசம் பாக்குறேன், சொல்லலாமா வேணாமான்னு. நீங்க பூவையில்ல வெட்டுறீங்க."

"பூவே வரலையேம்மா."

"வந்திருக்கு. உள்ள இருக்கு."

கீழே கிடந்த குச்சியொன்றை எடுத்தார். நுனியில் தடித்திருந்த மொட்டை நகத்தால் பிளந்தார். உள்ளே, மடிந்த இலைக் குருத்துகளுக்கு நடுவே, வெளிர்பச்சையாக, காலிபிளவரைக் கடுகளவாக்கினாற்போல் ஒரு திரள். சித்திரையில் விரியவேண்டிய பூங்கொத்து தையில் என் வாசலில் குப்பையாகக் கிடந்தது. மீதிப் பாதியை வெட்ட வேண்டாம் என்று நிறுத்தினேன்.

அவர் நுவரெலியாவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தந்தையார் துரை பங்களாவில் தோட்டக்காரர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்துத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதியது. அந்தக் கணக்கில் அவர் குடும்பமும் சேர்ந்தது. பதினைந்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி நீலகிரிக்கு வந்திருக்கிறார். பங்களா வாசலில் இதே செடி வரிசையாக இருந்ததாம். பூத்து ஓய்ந்த கையோடு, ஆவணிக்குள் வெட்டிவிட வேண்டும் என்பது தந்தையாரின் விதி. அதற்குப் பின் கத்தி வைத்தால் துரைசாணியிடம் ஏச்சு வாங்க நேரும்.

தாவரவியல் நூல்கள் இதையே வேறு மொழியில் சொல்கின்றன. இந்த இனத்து ஹைட்ராஞ்சியா, பகல் குறுகி வெப்பம் ஏறத்தாழ 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் வாரங்களில் அடுத்த ஆண்டுப் பூவுக்கான அரும்பைக் கிளை நுனியில் உருவாக்கி, மூடி வைத்துக்கொள்கிறது. குளிர்காலம் முழுதும் அரும்பு உறங்கும். வெயில் வந்ததும் சென்ற ஆண்டின் கிளையிலிருந்து புதுத்தளிர் நீண்டு அதன் முனையில் பூ விரியும். இடையில் நுனியை இழந்த கிளை, பக்கத்து மொட்டுகளிலிருந்து இலைகளைத் தள்ளிக்கொண்டு ஓங்கும். செடி செழிப்பாகத்தான் இருக்கும். பூ இராது. நம் இலக்கியம் அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஹைட்ராஞ்சியாவில் அரும்புக்கும் மலருக்கும் நடுவே பல மாதங்கள். அந்த இடைவெளியில்தான் நம் கத்தரிக்கோல் நுழைகிறது.

தேயிலையில் கவாத்தின் நோக்கமே வேறு. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தேயிலையை மரமாகவும் விடாமல், பூக்கவும் விடாமல், என்றும் கொழுந்து விடும் புதராக வைத்திருக்கிறார்கள். அந்தக் கையிடம்தான் பூச்செடியைக் கொடுத்திருந்தேன். அவர்மேல் பிழையில்லை, அவர் தம் தொழிலைச் செவ்வனே செய்தார். நான் கேட்டபடி இலைதான் கிடைத்தது.

இன்னொரு பகை உறைபனி. நுனியில் அரும்பைத் திறந்த வெளியில் வைத்துக் குளிர்காலத்தைக் கடக்கும் இத்துணிச்சல் செடிக்கு எங்கிருந்து வந்தது? அதன் தாயகத்தைப் பார்த்தால் விளங்கும். காட்டு வகை ஜப்பானின் இசு, போசோ தீபகற்பங்களின் கடலோரத்தில் வளர்வது. அங்கே கடற்காற்றால் குளிர் மிதமானது; அரும்பு கருகும் அச்சம் குறைவு. அந்தப் பழக்கத்தோடு உலகெங்கும் போனது. வடக்கு அமெரிக்காவில் பனி நுனிகளைக் கருக்கிவிடுகிறது, வேர் பிழைக்கிறது, ஆண்டுதோறும் புதரே அடியிலிருந்து முளைத்து இலையாக நிற்கிறது. கடைகளில் தொட்டியில் பூத்து விற்கப்படும் செடியை வாங்கி மண்ணில் வைத்தவர்கள் படும் ஏமாற்றமும் இதுவே. அவை கண்ணாடிக் குடிலுக்காக வளர்த்தெடுத்தவை. அரும்பு உருவானபின் சில வாரம் குளிர் அறையில் உறங்கவைத்து, பிறகு வெப்பத்தில் எழுப்பி, பண்டிகைக்குச் சரியாகப் பூக்கவைத்து அனுப்புகிறார்கள். தோட்டத்தில் அந்த உபசாரம் கிடைப்பதில்லை.

எல்லா ஹைட்ராஞ்சியாவும் இப்படி அல்ல. கிரோனோவியஸ் பெயரிட்ட அமெரிக்க இனம் அந்த ஆண்டு முளைத்த தளிரிலேயே பூக்கும். தரையோடு வெட்டினாலும் கவலையில்லை. அதில் புகழ்பெற்ற 'அன்னபெல்' வகையின் வரலாறு எனக்குப் பிடித்தமானது. 1910 வாக்கில் இல்லினாய் மாநிலத்தின் அன்னா என்ற சிற்றூரருகே ஹாரியட் கிர்க்பேட்ரிக் என்ற பெண்மணி குதிரையில் போகையில், காட்டில் பெரிய வெள்ளை உருண்டைகளாகப் பூத்திருந்த ஒரு செடியைக் கண்டார். மீண்டும் சென்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஐம்பதாண்டுகள் அது வேலிக்கு வேலி, அண்டை வீட்டாருக்குக் கொடுத்துக் கொடுத்தே பரவியது. 1962இல்தான் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் மெக்டேனியல் அதற்குப் பெயரிட்டு நாற்றுப் பண்ணைகளுக்கு அறிமுகப்படுத்தினார். அறிஞர் வருமுன் அரை நூற்றாண்டு அது பெண்களின் தோட்டங்களில் பேரில்லாமல் பூத்துக்கொண்டிருந்தது.

ஜப்பானிய இனத்திலேயே புதுத்தளிரிலும் பூக்கும் வகை ஒன்று மினசோட்டாவின் கடுங்குளிரில் தென்பட்டது. 1998இல் அதைக் கண்ட தோட்டக்கலைப் பேராசிரியர் மைக்கேல் டர் அதன் அருமையை உணர்ந்தார். 2004இல் 'முடிவற்ற கோடை' என்ற பொருள்படும் பெயரில் சந்தைக்கு வந்தது. எப்போது வெட்டினாலும் ஓரளவு பூக்கும். வசதிதான். எனக்கு ஏனோ அந்தப் பெயரின்மேல் ஒட்டுதல் வரவில்லை. கோடைக்கு முடிவு வேண்டாம் என்பவர்கள் தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு மே மாதம் இருந்து பார்க்கலாம்.

*

ஒரு மாலை, எதிர்வீட்டு அம்மாவிடம் சீபோல்ட் கதையைச் சொன்னேன். துன்பெர்க்கையும் மகினோவையும் விட்டுவிட்டு, கப்பல் போனதையும் பூவுக்குப் பெயர் வைத்ததையும் மட்டும் சொன்னேன். பெயர் வைத்த இடத்தில் நான் எதிர்பார்த்த நெகிழ்ச்சி அவர் முகத்தில் வரவில்லை.

"அந்தப் பிள்ளை என்ன ஆச்சு சார்?" என்றார்.

நான் அதுவரை படித்த தோட்டக்கலை நூல்கள் எல்லாம் ஓதக்ஸாவோடு நின்றிருந்தன. பிள்ளையைத் தேட வேறு நூல்களுக்குப் போக வேண்டியிருந்தது.

இனே வளர்ந்தார். கலப்புப் பிறப்பு என்ற ஏளனத்தோடு வளர்ந்தார். தந்தையின் மாணவர்களிடமே மருத்துவம் கற்கச் சென்றார். அவர்களுள் நினோமியா கெய்சகு அவரை மகளைப் போல் பேணிக் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவம் கற்பித்த இஷி சோகென் அவரை வன்கொடுமை செய்தார். அதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இனே குழந்தையையும் வளர்த்தார், படிப்பையும் விடவில்லை. டச்சு மொழி கற்றார். நாகசாகிக்கு வந்த டச்சு மருத்துவர்களிடம் பயின்றார். மேலை மருத்துவம் கற்ற முதல் ஜப்பானியப் பெண் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. 1870இல் தோக்கியோவில் தொழில் தொடங்கினார். 1873இல் பேரரசர் மெய்ஜியின் மாளிகையில் நடந்த மகப்பேறு ஒன்றுக்கு அழைக்கப்பட்டார். 1903இல் மறைந்தார்.

சீபோல்ட் முப்பதாண்டுகள் கழித்து, தடை நீங்கிய பின், 1859இல் நாகசாகிக்குத் திரும்பினார். ஐரோப்பாவில் மணமுடித்துப் பிள்ளைகள் பெற்றிருந்தார். தாகியும் வேறொருவரை மணந்திருந்தார். சந்தித்தார்கள். தந்தைக்கும் மகளுக்கும் இடையே உறவு சுமுகமாக அமையவில்லை. சீபோல்ட் 1866இல் இறந்தார்.

இதையெல்லாம் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வன்கொடுமையைச் சொல்லத் தயங்கினேன், அவரே கேட்டறிந்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டாக்டராயிட்டால்ல, அது போதும்" என்றார்.

*

அந்த ஆண்டு சித்திரையில், கவாத்துக்காரர் வெட்டாமல் விட்ட பாதிப் புதரில் மட்டும் பூ வந்தது. பதினொரு கொத்துகள். வெட்டிய பாதி வழக்கம்போல் இலையாக நின்றது. இதைவிடத் தெளிவான சான்று எந்த ஆய்வகத்திலும் கிடைத்திராது.

முதலில் வெளிர்பச்சை, பிறகு பால் வெள்ளை, பத்து நாளில் ஓரங்களிலிருந்து நீலம் ஏறத் தொடங்கியது. ஜப்பானியர் இதற்கு 'ஏழு மாற்றம்' என்றும் பெயரிட்டிருக்கின்றனர். அவர்களின் பழந்தொகை மான்யோஷுவில் அஜிசாய் இரண்டு பாடல்களில் வருகிறது. பின்வந்த அரசவை இலக்கியம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நிறம் மாறும் பூவை நிலையற்ற மனத்துக்கு அடையாளமாகக் கருதினர். பாவம், செடியின்மேல் பழி. நிறம் மண்ணின் வேலை. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்வழி ஏறிப் பூவின் நிறமியோடு சேர்ந்தால் நீலம். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அது கரையாது, பூ இளஞ்சிவப்பாகும். தேயிலைக்கு உகந்த நீலகிரி மண் அமிலத்தன்மை உடையது. அங்கே நீலம் மிகுதியாக இருப்பது அதனால்தான். பக்கத்து வீட்டில் ஒரே புதரில் சுவரோரக் கிளைகள் மட்டும் சிவந்து பூத்தன; புதுச் சுவரின் சிமெண்டுக் கசிவு அங்கே இறங்கியிருந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆவணிக்குள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். பூத்த கிளையை மட்டும், கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுவது. பூக்காத கிளையைத் தொடுவதில்லை. அடுத்த ஆண்டு அதன் முறை. கிழடுதட்டிய தண்டுகள் இரண்டொன்றை அடியோடு எடுப்பது. யூரியா நின்றது, தொழுவுரம் மட்டும். மழை ஓய்ந்த பின் பூத்த சில கொத்துகளை வெட்டாமல் காயவிட்டேன். பழுப்பேறிய அந்தச் செம்மல்கள் குளிர் முழுதும் உதிராமல் நின்று, தமக்குக் கீழிருக்கும் மொட்டுகளைப் பனியிலிருந்து காக்கும். மார்கழி இரவுகளில் கூடுதலாக ஒரு பழைய கோணிச்சாக்கு.

ஆறாம் ஆண்டு முடிவில் சமவெளிக் கல்லூரி ஒன்றுக்கு மாற்றல் வந்தது. மூட்டை கட்டும் நாளில், எடுத்துச் செல்ல ஒரு குச்சி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். என்னைவிட அவருக்கு வேர்விட வைக்கத் தெரியும். வேலியோரம் வந்தார், புதரைச் சுற்றிப் பார்த்தார், கையிலிருந்த அரிவாளைப் படியில் வைத்தார்.

"கீழ குளிரு இல்ல சார். இலையாத்தான் நிக்கும். இங்கயே இருக்கட்டும்."